துணி துவைக்கும் மூலையைப் பளிச்சென்று மாற்ற என்ன செய்யலாம்?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மேடவாக்கம் பக்கம் சொந்த ஃபிளாட். சமையலறைக்குப் பின்னால் 4 அடிக்கு 7 அடியில் ஒரு சர்வீஸ் ஏரியா. ஒரு பக்கம் கிரில், ஒரு நீளச் சுவருக்கு அந்தப் புறம் குளியலறை. உள்ளே வாஷிங் மெஷின், கடப்பா கல் மேடை, ஒரு குழாய், தலைக்கு மேலே கொடி. பில்டர் அடித்துக் கொடுத்த சந்தன நிறம் இப்போது என்ன நிறமென்றே தெரியவில்லை. வேலை முடிந்து வந்து இரவில்தான் துவைக்க முடிகிறது, அங்கே போய் நிற்கவே பிடிக்கவில்லை. ஆள் வைக்காமல் நாங்களே சில வார இறுதிகளில், பத்தாயிரம் ரூபாய்க்குள் என்ன செய்யலாம்? வால்பேப்பர் ஒட்டலாமா? என்ன கலர்? இதுதான் கேட்டிருக்கிறீர்கள்.

கலர் என்று ஆரம்பித்திருந்தாலும், கேள்வியின் நடுவில் ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "எத்தனை முறை துடைத்தாலும் ஒரு வாரத்தில் மறுபடி அழுக்காகத் தெரிகிறது." எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. பழைய ஃபிளாட்டுகளைப் பழுது பார்த்துப் புதுப்பிப்பதுதான் என் தொழில். நான் பார்த்தவரை இந்தச் சின்ன இடத்துக்கு எல்லாமே மிச்சம்தான் வந்து சேரும். மற்ற அறைகளில் மீந்த பெயிண்ட், மீந்த டைல்ஸ், எங்கேயோ கழற்றிய பல்பு. அப்புறம் வீட்டிலேயே அதிகம் தண்ணீர் புழங்குகிற இடமும் அதுதான். அதனால் அங்கே மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் மூன்று: சுவரில் ஓதம், தப்பான இடத்தில் விளக்கு, வெளிச்சத்தை விழுங்கும் பரப்புகள். இந்த வரிசையிலேயே சரி செய்துகொண்டு வந்தால் கலர் கடைசியில் ஒரு நாள் வேலை. வரிசையை மாற்றினால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி சுரண்ட வேண்டியிருக்கும். வால்பேப்பர் வேண்டாம். குளியலறைக்கு முதுகு காட்டும் சுவரில் ஒட்டினால், பின்னால் பூசணம் பிடித்து ஓரம் ஓரமாகக் கழன்று வரும்.

முதலில் ஓதம். சுவரில் வெள்ளையாகப் பொடிப் பொடியாக உப்பு பூத்திருக்கிறதா, பெயிண்ட் அப்பளம் போல உப்பியிருக்கிறதா என்று பகலில் பாருங்கள். உப்பிய இடத்தில் நகத்தால் தட்டினால் உள்ளே காலியான சத்தம் வரும், பிய்த்தால் பின்பக்கம் மாவு மாதிரி ஒட்டியிருக்கும். தண்ணீர் சிமெண்ட்டிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து, தான் ஆவியாகி உப்பை மட்டும் விட்டுப் போகிறது. பெயிண்ட் கெட்டதற்கு பெயிண்ட் காரணம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஒரு சோதனை: ஒரு அடிக்கு ஒரு அடி கண்ணாடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் அகல டேப்பால் இடைவெளி இல்லாமல் ஒட்டிவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாக ஈரம் கட்டியிருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமென்றால் அது காற்றில் உள்ள ஈரம். குளியலறைச் சுவரில் ஒரு தாள், எதிர்ச் சுவரில் ஒரு தாள் ஒட்டினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உள்ளிருந்துதான் வருகிறது என்றால், எங்கிருந்து என்பதைப் படம்கூடப் பார்க்காமல் நான் சொல்வது வெறும் ஊகம். நானாக இருந்தால் இந்த ஒழுங்கில் தேடுவேன். குளியலறைப் பக்கம் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை டைல்ஸ் இடுக்குகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். சிமெண்ட் உதிர்ந்து பள்ளமாக இருந்தால் குளிக்கிற தண்ணீர் தினமும் அந்த வழியாகப் போகிறது. பழையதைச் சுரண்டி எடுத்து, இடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகு புதிதாக க்ரவுட் அடைப்பது நீங்களே செய்கிற வேலைதான். அடுத்து மெஷினுக்குத் தண்ணீர் போகும் குழாய் இணைப்பு. இரவு படுக்கப் போகும்போது ஒரு டிஷ்யூ தாளை அந்த இணைப்பைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், காலையில் நனைந்திருந்தால் வாஷரை மாற்ற வேண்டும். மூன்றாவது, தரை வாட்டம். ஒரு குவளை தண்ணீரைத் தரையில் ஊற்றினால் அது நானி ட்ராப், அதாவது தண்ணீர் வெளியேறும் தரை வடிகால் பக்கம் ஓட வேண்டும். மூலையில் தேங்கினால் சுவரின் அடிப்பாகம் எப்போதும் நனைந்தே இருக்கும். வாட்டம் சரி செய்வதும், சுவருக்குள் போகும் குழாய் கசிவதும், மேல் வீட்டுத் தண்ணீரும் கொத்தனார், பிளம்பர் வேலை. அதை வார இறுதி வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "உள்பக்கம் டேம்ப் ப்ரூஃப் அடித்துவிடுங்கள், போதும்" என்று கடைக்காரர் சொல்வார். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் வெளியேறும் பக்கத்தில் மட்டும் பூசினால், அது கொஞ்ச காலம் தாங்கும், அப்புறம் பக்கத்தில் வேறு இடத்தில் கிளம்பும். இதில் என்னோடு ஒத்துப்போகாத பெயிண்டர்களும் உண்டு.

இங்கே காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போகிக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். சென்னைப் பக்கம் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அதாவது சுவர் முழுக்க நனைந்து, இன்னும் உள்ளே காயாமல் இருக்கும் ஜனவரியில் நாம் பூசுகிறோம். பழைய வீடுகளில் அது சரியாக வந்ததற்குக் காரணம் சுண்ணாம்பு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாக இறுகினாலும் நுண்துளைகளை அடைப்பதில்லை, உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல வெளியேறும். காரம் அதிகம் என்பதால் பூசணமும் சட்டென்று பிடிக்காது. அதே ஜனவரிச் சுவரில் எமல்ஷன் அடித்தால், அது ஒரு படலமாக மூடிக்கொள்ளும். உள்ளே மாட்டிய ஈரம் வெயில் ஏறியதும் வெளியே தள்ளும், மார்ச்சில் கொப்புளம். எமல்ஷன் அடிப்பதானால் மார்ச் முதல் மே வரை நல்ல காலம். பொங்கலுக்கே ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் துடைத்து, விளக்கை மாற்றி, அலமாரி வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் சுண்ணாம்பே அடிக்கலாமா? வெறும் சிமெண்ட் பூச்சு, அல்லது முன்பு சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் தாராளமாக. செலவு மிகக் குறைவு, வெண்மையும் அழகு. உங்கள் சுவரில் ஏற்கெனவே எமல்ஷன் இருந்தால் சுண்ணாம்பு அதில் பிடிக்காது, உதிரும். எது இருக்கிறது என்று தெரிய ஈரத் துணியால் ஒரு இடத்தை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறி, சுவர் மாவாகக் கரைந்தால் டிஸ்டெம்பர். ஒன்றுமே வரவில்லை என்றால் எமல்ஷன். பில்டர்கள் இந்த இடத்துக்கு டிஸ்டெம்பர் அடித்துவிட்டுப் போவது சாதாரணம். நீங்கள் துடைக்கத் துடைக்க அழுக்காவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்: துடைக்கும்போது அழுக்கோடு பெயிண்ட்டும் கரைந்து, திட்டுத் திட்டாகக் காய்கிறது. டிஸ்டெம்பர் என்றால் அதை முழுக்கச் சுரண்டிக் கழுவாமல் மேலே எதையும் அடிக்கக் கூடாது. சுண்ணாம்பு அடிப்பவர்கள் வெண்மை தூக்கலாகத் தெரியக் கொஞ்சம் நீலப்பொடி சேர்ப்பார்கள், நல்ல வழக்கம். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஊற்றிவிடாதீர்கள், அது வேறு சாயம். நீற்றாத கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதிக்கும், பிளாஸ்டிக் வாளியில் செய்யாதீர்கள். நீற்றிய தூளாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

இனி விளக்கு. பத்தாயிரத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். இப்போது உங்கள் பல்பு கதவுக்கு மேலே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உள்ளே போய் மெஷின் முன்னால் நின்றதும் விளக்கு முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. உங்கள் நிழலே மெஷினுக்குள்ளும் கல் மேலும் விழுகிறது. 9 வாட் எல்.இ.டி. பல்பு 800, 900 லூமென் தருகிறது, 28 சதுர அடிக்கு அது குறைவே இல்லை. இடம்தான் தப்பு. மெஷின் இருக்கும் சுவரில், உங்கள் தலைக்குச் சற்று மேலே, 2 அடி எல்.இ.டி. பேட்டன் ஒன்றைப் படுக்கையாகப் பொருத்துங்கள், 10 வாட் போதும். நிழல் உங்களுக்குப் பின்னால் போய்விடும். கிரில் வழியாகச் சாரல் அடிக்கிற இடமானால் ஐ.பி.65 என்று போட்டது வாங்குங்கள், தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும் என்று பொருள். 6500 கே என்று எழுதியிருப்பது நீலம் கலந்த வெள்ளை, இரவில் அந்தச் சின்ன இடத்தை ஆஸ்பத்திரி வராந்தா ஆக்கிவிடும். 3000 கே மஞ்சள், பார்க்க இதமாக இருக்கும், ஆனால் வெள்ளைச் சட்டைக் காலரில் மஞ்சள் கறை கண்ணில் படாது. 4000 கே எனக்குப் பிடித்த நடுவழி. விளக்கைச் சுவரில் மாட்டுவது உங்கள் வேலை, வயர் இழுத்து இணைப்பது எலெக்ட்ரீஷியன் வேலை. அவர் வரும்போதே மெஷின் சாக்கெட் 16 ஆம்பியர்தானா, எர்த் உண்மையிலேயே இருக்கிறதா, மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் சூடாக்கும் மெஷின் 2000 வாட் அளவுக்கு இழுக்கும். ஈரக் கையோடு தொடுகிற இடம் வேறு. இதற்கு ஆகிற செலவில் சிக்கனம் வேண்டாம்.

இப்போது சுவர். சுரண்டும் தகட்டால் பிடிப்பில்லாததை எல்லாம் எடுத்துவிடுங்கள், பிடித்திருப்பதை விட்டுவிடலாம். உப்பு பூத்த இடத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். கருப்புப் பூசணம் இருந்தால் ப்ளீச்சிங் திரவம் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். அன்றைக்கு அந்த இடத்தில் ஆசிட், வினிகர் எதையும் திறக்கக் கூடாது. ப்ளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், 4 அடி அகல இடத்தில் அது விளையாட்டில்லை. பிறகு சில நாள் காற்றாட விடுங்கள். பட்டி பார்க்கும்போது, அதாவது பள்ளங்களை நிரவும் பூச்சு பூசும்போது, வெள்ளை சிமெண்ட் அடிப்படையிலான பட்டி வாங்குங்கள், அக்ரிலிக் பட்டி ஈரத்தில் ஊறி இளகும். முழுச் சுவருக்கும் பட்டி தேவையில்லை, பள்ளங்களுக்கு மட்டும் போதும். இந்த இடத்தில் வழவழவென்ற சுவரை யாரும் தடவிப் பார்க்கப் போவதில்லை. உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட், இடையே நாலைந்து மணி நேரம். உள்புறம் என்றாலும் வெளிச்சுவர் எமல்ஷன் எடுங்கள், அதில் பாசி, பூசணத்துக்கு எதிரான மருந்து கூடுதலாக இருக்கும், வெயிலும் தாங்கும்.

அளவு: கதவும் கிரில்லும் போக உங்கள் சுவர் சுமார் 160 சதுர அடி தேறும், சீலிங் 28. ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 60 சதுர அடி வரும். சுரசுரப்பான சுவர் என்றால் கொஞ்சம் குறையும். ஆக வெளிர் நிறம் இரண்டு லிட்டர், கீழ்ப் பட்டைக்கு அடர் நிறம் ஒரு லிட்டர். பற்றாவிட்டால் அடர் நிறத்தில் இன்னொரு சின்ன டப்பா.

ஆமாம், கீழ்ப் பட்டை. பழைய பள்ளிக்கூடச் சுவர்களில் கீழே நாலடி ஒரு நிறம், மேலே வெள்ளை இருக்கும் இல்லையா, அதையே செய்யுங்கள். தண்ணீர் தெறிப்பதும் வாளி உரசுவதும் அந்த நாலடிக்குள்தான். மேலே சீலிங் வரை வெளிர் நிறம் இருந்தால் விளக்கு வெளிச்சத்தில் பெரும்பகுதி திரும்பி வரும். எந்த நிறம் என்பதில் என் கருத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை, வெறும் ரசனை. இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன்: பெயிண்ட் கடை அட்டையை மூடிவிட்டுப் பீரோவில் புடவைகளைப் பாருங்கள். மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், வெங்காயச் சருகு எல்லாம் கீழ்ப் பட்டைக்கு அழகாக உட்காரும். அரக்கு நிறம் இவ்வளவு சின்ன இடத்தில் இருட்டாக அடிக்கும். காவியும் வெள்ளையும் சேர்த்தால் கோயில் மதில் நினைவு வந்துவிடும், உங்களுக்கு அது பிடிக்குமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எதுவானாலும் ஒரு அட்டையில் அடித்து, புது விளக்கைப் போட்டுக்கொண்டு, இரவில் பாருங்கள். நீங்கள் அந்த இடத்தைப் பார்க்கிற நேரம் அதுதானே.

இரண்டு நிறமும் சேரும் கோடு கோணலாகத்தான் வரும், முதல் முறை அடிப்பவர்களுக்கு எப்போதும் அப்படித்தான். அதை மறைக்க ஒரு கோலப் பட்டை போடலாம். வீட்டில் பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் நல்ல ஸ்டென்சில் ஆகும், பேப்பர் போல ஊறாது. நாலு விரல் அகலத்துக்கு ஒரு சின்ன கோலத்தை வரைந்து கட்டரால் வெட்டி எடுங்கள். சிக்குக் கோலத்தை அப்படியே வெட்டினால் வளையத்துக்குள் இருக்கும் துண்டு கழன்று விழுந்துவிடும், அதனால் கோடு குறுக்கிடும் இடங்களில் சின்ன சின்ன பாலம் விட வேண்டும். இதழ், புள்ளி, மாங்காய் மாதிரியான வடிவங்கள் சுலபம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டி, பெயிண்ட்டில் லேசாகத் தொட்டு, பழைய செய்தித்தாளில் ஒற்றி எடுத்து, கிட்டத்தட்ட காய்ந்த ஸ்பாஞ்சால் தட்டுங்கள். பெயிண்ட் தூக்கலாக இருந்தால் ஸ்டென்சிலுக்கு அடியில் பரவிவிடும். குழந்தைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம், கொஞ்சம் பிசகினாலும் கெட்டுப் போகாது.

கிரில் கருப்பு என்றால் அதையும் வெளிர் நிறத்துக்கு மாற்றுங்கள், பகல் வெளிச்சத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர், பிறகு எனாமல். ஒரு எச்சரிக்கை: வீட்டு பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் அதிகம் இருக்கலாம், காய்ந்தபடி தேய்த்தால் அது தூசியோடு பறக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் வாங்குங்கள், மாஸ்க் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

டைல்ஸில் வெள்ளையாகப் படிந்திருப்பது போர் தண்ணீரின் உப்பு. வினிகர் அல்லது எலுமிச்சை உப்புக் கரைசலில் நனைத்த துணியை அரை மணி நேரம் ஒட்டி வைத்தால் இளகிவிடும். ஆசிட் ஊற்றாதீர்கள், இடுக்கிலுள்ள சிமெண்ட்டையும் சேர்த்துத் தின்றுவிடும், பக்கத்தில் இருக்கிற இரும்பும் துரு ஏறும். ஆனால் அந்த வினிகரைக் கடப்பா கல் பக்கம் கொண்டுபோகவே கூடாது. கடப்பா ஒரு வகைச் சுண்ணாம்புக் கல். எலுமிச்சைச் சாறு பட்டாலே மேற்பரப்பு அரித்து வெளுத்துப்போகும். அதற்கு சோப்புத் தண்ணீரும் நார் பிரஷ்ஷும்தான். காய்ந்ததும் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் கருப்பு பளபளக்கும். துவைக்கிற மேடையில் அது ஒரு வாரம்கூட நிற்காது, மேலே பொருள் வைக்கிற பலகைக் கல்லுக்கு மட்டும் செய்யலாம்.

அலமாரிக்கு வருவோம். தரையில் கிடக்கும் பவுடர், பிரஷ், கிளிப், ஹேங்கர் எல்லாம் சுவருக்கு ஏறினாலே இடம் பாதி வெளிச்சமாகிவிடும். டாப் லோட் மெஷின் என்றால் மூடியை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் நாலு விரல் விட்டு அளவெடுங்கள். பலகை மாட்டிய பிறகு மூடி இடிப்பது அடிக்கடி நடக்கிற கூத்து. பலகைக்கு சாதாரண கமர்ஷியல் ப்ளைவுட்டும் பார்ட்டிகிள் போர்டும் வேண்டாம், ஈரத்தில் ஊதிவிடும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யு.பி.சி. பலகை, அல்லது ஈரம் தாங்கும் மரைன் ப்ளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை உள்ள ப்ளைவுட் வாங்குங்கள். வெட்டிய ஓரங்களுக்கு பிரைமர் அடிக்க மறக்காதீர்கள், தண்ணீர் ஏறுவது ஓரம் வழியாகத்தான். துளை போடும்போது ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும், குழாய்க்கு நேர் மேலேயும் கீழேயும் போடாதீர்கள், பைப்பும் வயரும் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் போகும். குளியலறைச் சுவரில் துளையே வேண்டாம், எதிர்ச் சுவரைப் பயன்படுத்துங்கள். சுவர் சாம்பல் நிற லேசான பிளாக் கல் என்றால் சாதாரண பிளக் பிடிக்காது, அதற்கென்று தனி பிளக் கேட்டு வாங்க வேண்டும். துளையிலிருந்து வருகிற தூளின் நிறமே சொல்லிவிடும், சிவப்பு என்றால் செங்கல்.

அழுக்குத் துணிக்கு என்ன கூடை என்று கேட்டிருந்தீர்கள். கடையில் பிரம்புக் கூடை அழகாக இருக்கும், அந்த ஈரத்தில் பூசணம் பிடிக்கும். பனையோலைக்கும் அதே கதி. நம் வயர் கூடை போல இதற்குப் பொருத்தமான பொருள் வேறு இல்லை. தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, ஓட்டைகள் வழியாகக் காற்று போகும், அழுக்கானால் குழாயடியில் காட்டிக் கழுவிவிடலாம், நிறமோ நீங்கள் கேட்கிற நிறம். வீட்டில் அம்மாவுக்கோ அத்தைக்கோ பின்னத் தெரிந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் சிவன் கண் மாதிரியில் ஆரம்பிக்காமல் சாதாரண முடிச்சில் ஒரு சின்ன கிளிப் கூடை பின்னிப் பாருங்கள். கை பழகியதும் பெரியது. அடிப்பாகம் இறுக்கமாக வந்தால்தான் கூடை நிற்கும், முதல் நாலு வரிசையில் அவசரப்படாதீர்கள். இரண்டு கூடை வேண்டும், வெள்ளைத் துணிக்கு ஒன்று, சாயம் போகிற துணிக்கு ஒன்று. கீழ்ப் பட்டையின் நிறத்திலேயே ஒன்றைப் பின்னினால் அந்த மூலைக்கு ஒரு ஒழுங்கு வந்துவிடும். வாளி, மாப் வைக்கிற மேடைக்கு அடியில் பழைய சுங்குடி அல்லது கைத்தறிப் புடவையை வெட்டித் திரை போடலாம். தரைக்கு மூன்று விரல் மேலேயே நிற்கட்டும், தரை ஈரம் ஏறினால் கரை கருக்கும். ஸ்பிரிங் கம்பியில் கோத்தால் மாதம் ஒரு முறை கழற்றி மெஷினிலேயே போட்டுவிடலாம். சோப்புத் திரவத்தை அழகுக்காகச் சாப்பாட்டு பாட்டில்களிலோ ஜூஸ் பாட்டில்களிலோ மாற்றி வைக்காதீர்கள், சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இது ஆபத்து.

செடி வைக்கலாம், பாட்டிலில் மணி பிளாண்ட் போதும். தண்ணீரை வாரம் ஒரு முறை கட்டாயம் மாற்றுங்கள். டெங்கு கொசு வளர்வது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான், முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும்.

கடைசியாக, சாரல் அடிக்கிறது என்பதால் கிரில்லை அக்ரிலிக் ஷீட்டால் மூடலாமா என்ற உங்கள் துணைக் கேள்வி. முழுக்க மூடாதீர்கள். பிழிந்த பிறகும் ஒரு லோடு துணியில் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும், அத்தனையும் அந்த அறைக் காற்றில்தான் போகும். வழியில்லை என்றால் சுவரில் தங்கும். மேல் பாதிக்கு மட்டும், வெளிப்பக்கம் சரிவாக ஷீட் போட்டு, பக்கவாட்டில் இடைவெளி விடலாம். சமையல் கேஸ் சிலிண்டர் அங்கேதான் இருக்கிறது என்றால் கீழ்ப் பாதியை எந்தக் காரணத்துக்கும் அடைக்கக் கூடாது. அந்த வாயு காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும், பக்கத்திலேயே மெஷின் சுவிட்ச் இருக்கிறது. கேஸ் கீசர் அங்கே மாட்டியிருந்தால் மேல் பாதியையும் விட்டுவிடுங்கள். சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதையும், பாலித்தீன் தாளில் எந்தப் பக்கம் ஈரம் கட்டியது என்பதையும் இங்கேயே சொன்னால், பெயிண்ட் வாங்குவதற்கு முன் மேற்கொண்டு பார்க்கலாம்.